போர் என்று வந்தால் பார்பரா லீ எப்படி வாக்களித்தார்?

கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சிக்காரரான லீயைப் புரிந்துகொள்ள 2001 செப்டம்பர் 14-ஐப் பார்த்தாலே போதும். இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றே நாள். படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒன்று இவருடையது! பேசும்போது குரல் தழுதழுத்தது. ஆனாலும் எல்லையும் முடிவும் தெரியாத போருக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்பதில் அசையவில்லை. கொலை மிரட்டல்கள் வந்தன. போலீஸ் பாதுகாப்போடுதான் நடமாட வேண்டியிருந்தது. கட்சிக்காரர்கள்கூடத் துணைக்கு வராத அந்த நாளின் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

2002-இல் இராக் போர்த் தீர்மானத்தையும் எதிர்த்தார். அப்போது கூடவே 132 பேர் இருந்தார்கள். அந்தத் தீர்மானம் இராக் போருக்காக அதிபருக்குத் தந்த அதிகாரத்தை ரத்து செய்ய இவர் கொண்டுவந்த மசோதா 2021-இல் சபையில் 268-161 என்று நிறைவேறியது.