வாங்காத கடனுக்குத் தவணை கேட்கிறார்கள்!

கேள்வி: கைப்பேசிச் செயலி ஒன்றில் ரூ.48,000 கடன் வாங்கியிருப்பதாகச் சொல்லி இரவு ஒன்பது மணிக்கெல்லாம் போன் செய்து மிரட்டுகிறார்கள். நான் எந்தக் கடனும் வாங்கவில்லை, ஓடிபியும் யாரிடமும் சொன்னதில்லை. ‘மானம் போகிறது, கட்டிவிடலாம்’ என்கிறார் கணவர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கட்டாதீர்கள். ஒரு தவணை கட்டினாலும், கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். புதுச்சேரியில் வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். மானம் போக வேண்டியது திருடியவனுக்கு, உங்களுக்கு அல்ல.

உங்களிடம் ஓடிபி கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. உங்கள் பெயரில் இன்னொரு சிம் இருந்தால், ஓடிபி அதற்குப் போய்விடும். சாலையோரம் குடை விரித்து சிம் விற்பவர்களில் சிலர், ‘ரேகை சரியாக விழவில்லை, இன்னொரு முறை வையுங்கள்’ என்பார்கள். முதல் ரேகைக்கு உங்கள் சிம். இரண்டாவதற்கு வாங்கும் சிம் திருடன் கைக்குப் போகிறது. ஆதார், பான் நகல்களும் கிடைத்துவிட்டால் உங்கள் பெயரில் விண்ணப்பித்து, பணத்தை வேறு யாருடைய கணக்குக்கோ திருப்பிவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் உங்கள் பெயரில் உள்ள கைப்பேசி எண்களைப் பாருங்கள். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே தெரிவியுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள். கடலூரிலுள்ள சைபர் குற்றப் பிரிவுக் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள். பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது, உங்கள் பெயரிலுள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கை. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். அதில் இந்தக் கடன் இருந்தால் புகார் நகலுடன் சிபில் நிறுவனத்துக்கு மறுப்பு அனுப்புங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு கேட்கலாம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

ஜெராக்ஸ் கடையிலும் லாட்ஜிலும் ஆதார் நகல்கள் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. இனி கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று தேதியுடன் எழுதுங்கள். எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டியும் வையுங்கள்.

அந்த இரவு அழைப்புகளை ஒலிப்பதிவு செய்து வையுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. புகார் எண்ணைச் சொல்லி, எதையும் எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள்.