கெரட்டின் முத்தும் பயாப்ஸித் துணுக்கும்

அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று இருக்கிறது. நுரையீரல் புற்றில் இந்த வகைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், டாக்டர்?

நம் தோலின் செல்கள் கெரட்டின் என்ற புரதத்தைச் செய்பவை. மூச்சுக்குழாயின் உட்புறச் செல்கள் அதைத் தோல் போலத் திரட்டி வைப்பதில்லை. சிகரெட், பீடிப் புகை வருஷக்கணக்கில் பட்டுப்பட்டு அவை தோல் செல்களைப் போலத் தட்டையாக மாறுகின்றன. அவற்றில் சில புற்றாகின்றன; அதுதான் ஸ்குவாமஸ், அதாவது தட்டைச் செல் புற்று. அதனால் திசுவை மெல்லிதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடில் நாங்கள் முதலில் தேடுவது கெரட்டினைத்தான். வழக்கமான ஹெமடாக்சிலின்–இயோசின் சாயத்தில் அது பளிச்சென்ற இளஞ்சிவப்பாகத் தெரியும். செல்கள் வெங்காயத்தை வெட்டியதுபோல் வளையம் வளையமாகச் சுற்றி, நடுவில் கெரட்டின் திரண்டிருந்தால் அது 'கெரட்டின் முத்து'. அடுத்தடுத்த செல்களுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி மெல்லிய இழைகள் ஓடுவது இன்னொரு அடையாளம். இரண்டில் ஒன்று தெளிவாக இருந்தாலே பெரும்பாலும் போதும்.

நான் பேத்தாலஜி மாணவி. முத்தும் இல்லை, இழையும் இல்லை என்றால்?

பி40, டிடிஎஃப்-1 என்ற புரதங்களைக் காட்டும் இரண்டே இம்யூனோ சாயம் போடுங்கள். பி40 பெரும்பாலான செல்களின் உட்கருவில் அழுத்தமாக ஏறி, டிடிஎஃப்-1 ஏறாவிட்டால் ஸ்குவாமஸ் பக்கம் சாயலாம். பி63 என்ற பழைய சாயம் சில அடினோகார்சினோமாவிலும் (சுரப்பிச் செல் புற்று) ஏறிவிடும், அதை நம்பி இறங்காதீர்கள். அப்புறம், தயவுசெய்து பத்துச் சாயம் கேட்காதீர்கள். ஊசியில் வருவது நூல் கனத் துணுக்கு. இம்யூனோதெரபி மருந்து பலிக்குமா என்று பார்க்கும் பிடி-எல்1 பரிசோதனைக்கே குறைந்தது 100 உயிருள்ள புற்றுச் செல்கள் மிச்சம் வேண்டும். பிளாக், அதாவது மெழுகில் பதித்த துணுக்கு, தீர்ந்துபோய், மூச்சு வாங்குகிற நோயாளியை மறுபடி ஊசிக்கு அனுப்பும்போது மனசு கனத்துவிடும்.

எந்த வகையானால் என்ன, புற்று புற்றுதானே?

இல்லை. பெமெட்ரெக்செட் என்ற கீமோ மருந்து ஸ்குவாமஸ் வகைக்குப் பலன் தராது. கட்டிக்கு ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தை இந்த வகைக்குக் கொடுத்தால் நுரையீரலில் உயிருக்கே ஆபத்தான ரத்தக்கசிவு வரலாம்.

சளிப் பரிசோதனையில் தெரியுமா?

சில நேரம் தெரியும். இது பெரும்பாலும் பெரிய மூச்சுக்குழாய்களில் வருவதால் செல்கள் சளியில் உதிரும். உதிர்ந்த செல்களைப் பார்க்கப் போடும் பாப் சாயத்தில் அவை ஆரஞ்சு நிறமாக, சில தலைப்பிரட்டை போல வாலோடு தெரியும். ஆனால் பழைய காசநோய்க் குழியின் ஓரத்திலும், அதற்குள் வளரும் பூஞ்சைப் பந்தைச் சுற்றியும் செல்கள் இதே வேஷம் போடும். ஸ்கேனைப் பார்க்காமல் சளியை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போடுவதில்லை.

தொண்டைப் புற்று வந்தவருக்கு நுரையீரலில் ஸ்குவாமஸ் கட்டி. பரவியதா, புதியதா?

ஸ்லைடு மட்டும் பல நேரம் இதைச் சொல்லாது. பி40 இரண்டிலும் ஏறும். தொண்டைக் கட்டியின் பழைய பிளாக்கையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.