வாசகர் கேள்வி – பதில்: மதச் சுதந்திரச் சட்டம் யாரைக் காக்கிறது?

கேள்வி: என் பெறாமகன் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இன்னோர் ஆணைச் சட்டப்படி மணந்து வாழ்கிறான். மதச் சுதந்திரச் சட்டத்தைக் காட்டி வெதுப்பகக்காரர் ஒருவர் அவர்களுக்குக் கேக் செய்ய மறுக்கலாம் என்கிறார்கள். தன் சமயத்தின்படி நடப்பவரைச் சட்டம் காப்பதில் என்ன பிழை? இங்கும் அப்படியொரு சட்டம் வருமா?
– வாசகி ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: காப்பதில் பிழை இல்லை, அம்மா. யாரிடமிருந்து காக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பூர்வகுடித் திருச்சபையின் சடங்கில் பெயோட்டி என்னும் கள்ளியை உட்கொண்டதற்காக வேலை இழந்த இருவருக்கு வேலையற்றோர் கொடுப்பனவு மறுக்கப்பட்டதை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1990 இல் சரியெனத் தீர்த்தது. அதற்கு மறுமொழியாக 1993 இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், வலுவான காரணமின்றி அரசு ஒருவரின் சமய ஒழுகலாற்றுக்குப் பெருந்தடை விதிக்கலாகாது என்றது. அச்சட்டம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று 1997 இல் தீர்ப்பான பின்னர், மாநிலங்கள் பல தத்தமக்கெனச் சட்டங்களை இயற்றத் தொடங்கின.

2015 மார்ச்சில் ஆளுநர் மைக் பென்ஸ் ஒப்பமிட்ட இந்தியானாச் சட்டமோ, வணிக நிறுவனங்களையும் சமய உரிமை உடையோராகக் கொண்டதோடு, அரசு தரப்பாக இல்லாத தனியார் வழக்கிலும் அதனை எதிர்வாதமாக முன்வைக்க இடமளித்தது. அரசுக்கு எதிராகச் சிறுபான்மையினர் ஏந்திய கேடயம், வாடிக்கையாளருக்கு எதிராகக் கடைக்காரர் கைக்கு மாறிவிடும் என்ற எதிர்ப்புப் பெருகவே, பாலீர்ப்பை, அதாவது ஒருவர் எப்பாலார்மீது ஈர்ப்புக் கொள்கிறார் என்பதைக் காரணங்காட்டிச் சேவை மறுப்பதற்கு இச்சட்டம் அதிகாரமளிக்காது என்னும் திருத்தம் ஏப்ரல் 2 ஆம் திகதியே நிறைவேறியது. ஆயினும் பாலீர்ப்பு சார்ந்த பாகுபாட்டைக் கடைகளில் தடுக்கும் மாநிலச் சட்டம் அங்கு இல்லை. இண்டியானாபோலிஸ் போன்ற நகரங்களின் கட்டளைகளே உள்ளன. அத்தகைய நகரத்துக்கு வெளியே மறுப்பவர் சமயத்தைத் துணைக்கு அழைக்கவேண்டிய தேவைகூட இல்லை. வேலைத்தலத்தில் மட்டும், 2020 ஆம் ஆண்டின் அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்பு உங்கள் பெறாமகனைக் காக்கும்.

இங்கே இலங்கையில் சமயத்தைக் காட்டி வாயிலை மறிப்பது நமக்குப் புதிதன்று. சாதியின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்திருந்தும், 1968 இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்டோரின் ஆலயப் பிரவேசம் தடுக்கப்பட்டபோது மரபே காரணமாகச் சொல்லப்பட்டது. அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றின் பேரில் கடைகளிலோ உணவகங்களிலோ எவரையும் தடுக்கலாகாது என்கிறது. பாலீர்ப்பு அப்பட்டியலில் இல்லை. உரிமை வழங்கப்பட்ட இடத்தில்தானே அதிலிருந்து விலக்குக் கேட்பார்கள்? கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கடைக்காரர் எவருக்கும் அத்தகைய விலக்கு இன்று தேவைப்படாது. தன்பாலுறவைக் குற்றமாகக் கொள்ளும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளே இன்னும் நடைமுறையில் உள்ளன. அவற்றைத் திருத்தித் தன்பாலுறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நம் உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. நாடாளுமன்றம் அதனை நிறைவேற்றவில்லை.