தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்புத் தளர்ச்சி வருமா? நோட்டீஸ் ஒட்டும் வைத்தியரிடம் தம்பியைக் கூட்டிப் போகலாமா?

வராது. அவரிடம் கூட்டிப் போகவும் வேண்டாம்.

தம்பிக்கு 16 வயது, அடிக்கடி இப்படி ஆகிறது, ஆளும் மெலிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் இது இயல்பு. விந்தணு அன்றாடம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும், சில ராத்திரி தூக்கத்தில் வெளியேறும், அவ்வளவுதான். ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று ஊரில் சொல்வது சுத்தப் பொய். சுய இன்பத்துக்கும் இதே பதில்தான். கிடுகிடுவென்று உயரம் கூடும் வயசு, கூடவே பயத்தில் சோறு இறங்காது, தூக்கம் வராது, மெலியாமல் என்ன செய்வான்? விந்து போனால் உடம்பு போய்விடும் என்ற இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவத்தில் 'தாத் சிண்ட்ரோம்' என்று தனிப் பெயரே உண்டு.

என் அக்கா மகன் குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கும்போது, பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் 'இளமையில் செய்த தவறா?' என்ற நோட்டீஸைப் பார்த்து, லாட்ஜில் ரூம் போட்டு வந்து போகிற ஒருத்தரிடம் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறான். அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு 'இப்படியே விட்டால் கல்யாணத்துக்கு லாயக்கில்லை' என்று சொல்லி, லேபிளே இல்லாத டப்பாவில் கறுப்பாக ஒரு லேகியம் கொடுத்திருக்கிறார். டியூஷன் ஃபீஸ் மொத்தமும் அதற்கே போயிற்று. அக்கா பையில் டப்பாவைப் பார்த்துக் கேட்டதும், "எனக்குக் குழந்தையே பிறக்காதாம்மா" என்று தேம்பித் தேம்பி அழுதான். ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது, ஆனாலும் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். (முறையாகப் படித்த சித்த மருத்துவர்களைச் சொல்லவில்லை.) பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர்வரிசையோடு வந்து நிற்கிறார், பையனிடம் வீட்டில் ஒருத்தரும் வாயே திறப்பதில்லை, அந்த இடத்தில்தான் லாட்ஜ்காரர் புகுந்துவிடுகிறார்.

இந்தக் கூச்சத்தில் உண்மையிலேயே ஆபத்தானது வேறு. விதைப்பைக்குள் இருக்கும் விதை முறுக்கிக்கொண்டால் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தாங்க முடியாத வலி, வீக்கம், வாந்தி வரும். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பையன்களோ 'வயித்து வலி' என்று சொல்லி விடியும்வரை சுருண்டு படுத்திருப்பார்கள். அப்படி வலித்தால் நடுராத்திரியானாலும் எழுப்பு என்று தம்பியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், புண், சீழ் என்று ஏதாவது இருந்தால் வேலூர் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பயம் மட்டும் விடவில்லை என்றால் அங்கேயே மனநலப் பிரிவில் காட்டலாம், இல்லை பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் இருக்கிறது. போனிலேயே கேட்க அரசு சுகாதார உதவி எண் 104.

அப்புறம், எப்படிப் பேச்செடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவனை உட்கார வைத்துப் பேசாதீர்கள், நெளிவான். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் காட்பாடி வரைக்கும் போகும்போது பேசுங்கள், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.