சிரிக்காமல் இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: என்னுடன் பணிபுரியும் ஒருவர் தன்பாலீர்ப்பாளர். அதை அவரே எங்கள் குழுவில் சிலரிடம் சொல்லியிருக்கிறார். அவரை யாரும் முகத்துக்கு நேரே ஏசுவதில்லை. ஆனால் அவர் எழுந்து போனதும் ஒருவர் அவருடைய பேச்சையும் கையசைவையும் நடித்துக்காட்ட, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சென்ற மாதம், வாடிக்கையாளரைச் சந்திக்கப் போகும் குழுவிலிருந்து, “அவர்கள் கொஞ்சம் பழைய ஆட்கள், இவர் சரிப்பட மாட்டார்” என்று சொல்லி மேலாளர் அவர் பெயரை நீக்கிவிட்டார். அந்தத் திட்ட அறிக்கையை எழுதியவரே அவர்தான். நான் சிரிக்கவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டாவது நிகழ்ச்சி என்னை மிகவும் வருத்தியது. இன்று சந்திப்புக்கு அழைத்துச் செல்லப்படாதவரின் ஆண்டு மதிப்பீட்டில், “வாடிக்கையாளர்களுடன் பழகிய அனுபவம் போதாது” என்று நாளை எழுதப்படும். பதவி உயர்வு கைநழுவும்போது அதற்கான உண்மைக் காரணம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கறுப்பின மக்கள் அன்றாடம் சந்திக்கும் இத்தகைய சிறு அவமதிப்புகளுக்கு 1970-இல் ‘மைக்ரோஅக்ரெஷன்’ என்று பெயரிட்ட அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ், அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து விளைவிக்கும் தீங்கைத்தான் முதன்மையாகச் சுட்டினார்.

ஆகவே மேலாளரைத் தனியே சந்தித்து, அறிக்கையை எழுதியவர் வராவிட்டால் வாடிக்கையாளரின் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது என்று, வேலையை முன்னிறுத்தியே கேளுங்கள். அவர் சொன்ன சொற்களைத் தேதியுடன் குறித்து வையுங்கள். பணியிட வன்முறை, துன்புறுத்தல் குறித்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்ததையும், உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் வருவாய்க்கும் நேரும் கேட்டையும் கணக்கில் கொள்கிறது.

நடித்துக்காட்டுபவரிடம் நீண்ட விளக்கம் தேவையில்லை. “இது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்துங்கள்” என்று உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். “நீயும் அப்படித்தானா?” என்று யாராவது சீண்டினால், அவசரப்பட்டு மறுக்காதீர்கள், பதறிப்போய் மறுத்தால், அப்படி இருப்பது இழிவு என்று நீங்களும் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

ஆனால் மனிதவளத் துறைக்கு எழுத்து மூலம் புகார் கொடுப்பதற்கு முன் அவரிடம் கட்டாயம் கேளுங்கள். அவர் சொன்னது குழுவில் சிலரிடம் மட்டுமே. நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம், வீட்டில்கூடத் தெரியாமல் இருக்கலாம். நல்லெண்ணத்தோடு நீங்கள் எழுதும் கடிதமே, அவர் இத்தனை நாள் காத்துவந்த செய்தியை அவர் அனுமதியின்றிப் பத்துப் பேர் மேசைக்குக் கொண்டுபோய்விடும். “அன்று நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இனி நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் குற்றவுணர்ச்சிக்கு அவரிடம் ஆறுதல் தேடாதீர்கள். புகார் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு, மதித்து விட்டுவிடுங்கள். உங்கள் கண்முன் நடக்கும் கேலியைக் கண்டிக்க மட்டும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த சந்திப்புக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது, அவர் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள்.