கோட் போட்டால் ஜப்பான் பதிப்பு வருமா?

பழைய வீடியோ கேம் கோட்களைக் கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் எந்த நாட்டு கார்ட்ரிட்ஜ் (கன்சோலில் சொருகும் விளையாட்டுப் பெட்டி) என்ற விவரமே இல்லை. அது தெரியாமல் கோட் சொல்ல முடியாது. லேபிளைப் பார்த்து எழுதுங்கள்.

சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' முதல் பாகத்தை ஜப்பான் பதிப்பாக மாற்ற முடியுமா?

முடியும், ஏனென்றால் இரண்டும் ஒரே ரோமில் (கார்ட்ரிட்ஜுக்குள் விளையாட்டு பதிந்திருக்கும் சில்லு) இருக்கின்றன. 1991-இல் வந்த இந்த கார்ட்ரிட்ஜ், கன்சோல் எந்த ஊர் என்று ஏ10001 முகவரியில் படித்துப் பார்க்கும். ஜப்பான் என்று பதில் வந்தால் தலைப்பே ஜப்பானியப் பெயரான 'பேர் நக்கிள்' ஆகிவிடும். ஏமாற்ற வேண்டியது அந்த ஒரு பதிலைத்தான். ஆனால் கார்ட்ரிட்ஜுக்கும் கன்சோலுக்கும் நடுவே சொருகி கோட் போடும் கேம் ஜீனி என்ற கருவி, கன்சோலின் அந்த முகவரியைத் தொடாது. கார்ட்ரிட்ஜுக்குள் அதைச் சோதிக்கும் கட்டளையைத்தான் மாற்றும். அதனால் விளையாட்டுக்கு விளையாட்டு கோட் வேறு.

'சோனிக் 2'-இல் சோனிக்கின் கூட்டாளி டெயில்ஸ் பெயர் 'மைல்ஸ்' என்று வருகிறது. கார்ட்ரிட்ஜ் போலியா?

போலி இல்லை. ஜப்பான் கன்சோலில் அப்படித்தான் வரும். டைட்டில் திரையில் பெயரை மாற்றும் ரகசிய கோட் ஒன்றும் உண்டு, யாராவது தெரியாமல் அழுத்தியிருக்கலாம்.

'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 3' அமெரிக்கப் பதிப்பில் ஆஷ் என்ற பாத்திரம் வரும் கோட் கிடைத்தது. இனி இதுதானே ஒரிஜினல் 'பேர் நக்கிள் 3'?

இல்லை. இதைப் பல முறை எழுதியாகிவிட்டது, இன்னொரு முறையும் எழுதுகிறேன். கோட், ரோமில் இருப்பதைத்தான் வெளியே கொண்டுவரும். இல்லாததைக் கொண்டுவராது. 1994-இல் அமெரிக்காவுக்கு அனுப்பியபோது ஆஷை விளையாட்டிலிருந்து எடுத்தார்கள், ஆனால் அவனுடைய தரவை ரோமிலேயே விட்டுவிட்டார்கள். அதனால்தான் கோட் போட்டதும் அவன் வந்து நிற்கிறான். மற்றவை அப்படி இல்லை. கதையையே மாற்றிவிட்டார்கள்: ஜப்பானில் ரக்ஷின் என்ற பொருளின் வெடிப்பும் காணாமல் போன தளபதியும், அமெரிக்காவில் நகர அதிகாரிகளுக்குப் பதிலாக ரோபோக்கள். முதல் இரண்டு பாகங்களிலும் வெள்ளை பனியனும் நீல ஜீன்ஸுமாக இருந்த நாயகன் ஆக்சல், அமெரிக்கப் பதிப்பில் மஞ்சள் பனியனும் கறுப்புக் கால்சட்டையுமாக வருகிறான். நாயகி பிளேஸின் சிவப்பு உடையும் போய்விட்டது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், முதல் சண்டையிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு ஆறாத கோபம் கடினத்தின் மேல்தான். அமெரிக்கப் பதிப்பில் எதிரியின் அடி தாங்க முடியாத அளவுக்குப் பலம். சரி, ஈஸியில் ஆடலாம் என்றால் ஐந்தாவது நிலையோடு நிறுத்திவிடும். ஜப்பானில் ஈஸியிலும் கடைசி வரை போகலாம். பள்ளி விட்டு வந்து ஆடிய பிள்ளைக்கு முழு விளையாட்டையும் காட்டாமல் வைத்தது நியாயமே இல்லை. ஆஷ் ஒருவன் வந்ததால் இதெல்லாம் சரியாகிவிடாது. உண்மையான மூன்றாம் பாகம் வேண்டுமா, ஜப்பான் கார்ட்ரிட்ஜைத் தேடி வாங்குங்கள்.

ஐரோப்பியக் கன்சோலில் எல்லாமே மெதுவாக ஓடுகிறது. கோட் சொல்லுங்கள்.

கோட் கிடையாது. ஐரோப்பாவில் படம் நொடிக்கு 50 முறை (50 ஹெர்ட்ஸ்), ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60 முறை மாறும்; இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு வேகம் போகிறது. ஊரைப் பற்றி விளையாட்டிடம் பொய் சொல்லலாம், ஆனால் வேகம் கன்சோலின் மின்சுற்றுப் பலகையில் உள்ள இணைப்பில் இருக்கிறது. அதற்கு சால்டரிங் தெரிந்தவர் வேண்டும்.

'மார்ட்டல் காம்பாட்' ரத்தக் கோட் சூப்பர் நிண்டெண்டோவில் வேலை செய்யவில்லையே?

ஏ பி ஏ சி ஏ பி பி என்பது மெகா டிரைவுக்கானது. சூப்பர் நிண்டெண்டோவில் ரத்தத்துக்குப் பதில் சாம்பல் நிற வியர்வைதான். கேட்பதற்கு முன் கோட் எந்தக் கன்சோலுக்கு என்று படிக்க வேண்டாமா?

நியோ ஜியோ கன்சோலில் 'சாமுராய் ஷோடவுன்' ரத்தம் வெள்ளையாக வருகிறது.

கன்சோல் அமெரிக்கா என்று சொல்கிறது, அவ்வளவுதான். கன்சோலின் அடிப்படை மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் யூனிவர்ஸ் பயாஸ் சில்லைப் போட்டு ஊரை ஜப்பானுக்கு மாற்றுங்கள். சிவப்பாகிவிடும்.

'காண்ட்ரா'வின் ஐரோப்பியப் பதிப்பான 'புரோபோடெக்டர்' ரோபோக்களை 'காண்ட்ரா' மனிதர்களாக்கும் கோட்?

படங்களே வேறு. முடியாது.

கேம் ஜீனியை நிண்டெண்டோவின் பழைய கன்சோலான என்இஎஸ்ஸிலேயே சொருகி வைத்திருக்கலாமா?

கூடாது. அதன் பலகை கார்ட்ரிட்ஜைவிடத் தடிமன். உள்ளே இருக்கும் 72 பின்களையும் அகட்டி வைத்துவிடும். அப்புறம் சாதாரண கார்ட்ரிட்ஜைச் சொருகினால் விளக்கு மட்டும் கண் சிமிட்டும். ஆடி முடித்ததும் கன்சோலை அணைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். அணைக்காமல் எதையும் சொருகவோ பிடுங்கவோ செய்யாதீர்கள்.