கிணற்றைச் சித்திரையில் பாருங்கள்

கேள்வி: ஓய்வு பெற்றதும் தென்காசிப் பக்கம் 2 ஏக்கர் வாங்கிக் குடியேற நினைக்கிறோம். கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. முதலில் எதைப் பார்ப்பது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: கிணற்றைப் பாருங்கள் அம்மா, அதுவும் சித்திரையில். குற்றாலச் சாரல் அடிக்கும் ஆடியில் போனால் எந்த நிலமும் மனத்தை மயக்கிவிடும். நான் அப்படித்தான் ஆடியில் முன்பணம் கொடுத்தேன். மறு சித்திரையில் குடிதண்ணீருக்கே குடம் சுமந்தோம். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். கடந்த 30 ஆண்டுகளுக்காவது வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று) எடுங்கள். பட்டாவும் பத்திரமும் ஒத்துப்போகின்றனவா, நிலத்துக்குப் போகும் பாதை யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். வாங்குமுன் 6 மாதம் அங்கேயே வாடகைக்கு இருங்கள். இரவில் கணவருக்குச் சர்க்கரை இறங்கினால் எந்த மருத்துவமனை, யாருடைய வண்டி என்பது அப்போதுதான் தெரியும். குரோம்பேட்டை வீட்டை அதுவரை விற்காதீர்கள்.